அங்கிளின் கடையில் மாலை வேலை: அனுமதிப்பத்திரம் இல்லாமல் உழைத்த 15 வயது மாணவன் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வு லண்டனின் வெளிப்பகுதி ஒன்றில் நடந்தது. அங்கே தமிழ்க் குடும்பங்களுக்குப் படிவம் நிரப்பவும் கடிதங்களைப் புரிந்துகொள்ளவும் உதவும் ஒரு ஆலோசனை மையத்தில் நான் தன்னார்வலராக இருக்கிறேன். கடைக்காரரின் குடும்பமும் மாணவனின் குடும்பமும் எழுதச் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன். மணிக்கணக்குகள் உள்ளபடியே இருக்கின்றன, ஏனென்றால் இந்தச் சிக்கலே அந்தக் கணக்கில்தான் இருந்தது.

பின்னணி

கடை, பத்திரிகையும் பாலும் பாணும் மதுவும் விற்கும் சாதாரணத் தெருமுனைக் கடை. உரிமையாளருக்கு ஐம்பது வயதிருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பெட்ரோல் நிலையங்களில் இரவு வேலை பார்த்துச் சேர்த்த காசில் வாங்கிய கடை. மனைவி, 13 வயது மகள், 11 வயது மகன். விடிய ஆறு மணிக்குத் திறந்தால் இரவு பத்துக்குத்தான் பூட்டுவார்.

மாணவன் அதே தெருவில் தாயுடன் வசிக்கிறான். தாய் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்கிறார், வாரத்தில் பாதி நாள் இரவுப் பணி. மகன் தெருவில் சுற்றாமல் தெரிந்தவர் கண்முன்னால் இருப்பது அவருக்குப் பெரிய நிம்மதி. கடைக்காரருக்கும் நம்பிக்கையான ஒரு ஆள் தேவைப்பட்டது. யாரும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. "தம்பி, பின்னேரத்தில வந்து கொஞ்சம் நில்லன்" என்று கடைக்காரர் கேட்டார், பையன் போனான். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

அப்போது அவன் பத்தாம் ஆண்டு மாணவன். முந்தைய நவம்பரில் 15 வயது முடிந்திருந்தது. பதினோராம் ஆண்டு முடிவில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. பொதுப் பரீட்சைக்கு இன்னும் ஓர் ஆண்டுக்கு மேல் இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது

இங்கிலாந்தில் பள்ளி வயதுப் பிள்ளைகளின் வேலையைக் கட்டுப்படுத்தும் அடிப்படைச் சட்டம் 1933ஆம் ஆண்டின் சிறுவர், இளையோர் சட்டம். பின்னால் பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு கவுன்சிலும் (உள்ளூராட்சி மன்றமும்) தனக்கென உபவிதிகள் வைத்திருக்கிறது. அதனால் சிறு வேறுபாடுகள் இடத்துக்கு இடம் இருக்கும், உங்கள் கவுன்சிலின் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. ஆனால் எலும்புக்கூடு எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

பொதுவாக 14 வயதிலிருந்து வேலை செய்யலாம். உபவிதி இடம்கொடுத்தால் 13 வயதிலும் சில இலகுவான வேலைகள் செய்யலாம், கடை வேலை பெரும்பாலும் அதில் அடங்கும். எந்த வயதானாலும் இலகுவான வேலை மட்டுமே. காலை ஏழுக்கு முன்பும் மாலை ஏழுக்குப் பின்பும் கூடாது. பள்ளி நேரத்தில் கூடாது. பள்ளி நாளில் இரண்டு மணி நேரம், ஞாயிறில் இரண்டு மணி நேரம். சனிக்கிழமையில் 15 வயதினருக்கு எட்டு மணி நேரம், அதற்குக் கீழே என்றால் ஐந்து. பள்ளி நடக்கும் வாரத்தில் எல்லாம் சேர்த்து 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு வேண்டும். விடுமுறை வாரங்களில் 15 வயதினர் 35 மணி நேரம் வரையும் இளையவர்கள் 25 மணி நேரம் வரையும் செய்யலாம். ஆனால் ஆண்டில் ஒருமுறையாவது, பள்ளி விடுமுறைக்குள், தொடர்ச்சியாக இரண்டு வாரம் எந்த வேலையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

வேலைக்கு எடுத்த ஒரு வாரத்துக்குள் முதலாளி கவுன்சிலுக்கு எழுத்தில் அறிவித்து அனுமதிப்பத்திரம் கேட்க வேண்டும் என்று பெரும்பாலான உபவிதிகள் சொல்கின்றன. அதில் பெற்றோரின் கையெழுத்தும் வேண்டும். அந்தப் பத்திரம் அந்தக் கடைக்கும் அந்த வேலைக்கும் மட்டுமே செல்லும். வேறு கடைக்குப் போனால் புதிதாக எடுக்க வேண்டும்.

நமது கடைகளைப் பொறுத்தவரை முக்கியமான வரி வேறொன்று. அந்த 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, லாபத்துக்காக நடத்தப்படும் ஒரு தொழிலில் பிள்ளை உதவி செய்தாலே அது வேலையாகக் கொள்ளப்படும். சம்பளம் கொடுக்கிறீர்களா இல்லையா என்பது பொருட்டே இல்லை. சொந்தப் பிள்ளை என்பதும் பொருட்டில்லை.

கவனத்துக்கு வந்தது எப்படி

பிப்ரவரியில் ஒரு மாலை, பின்னறையில் அட்டைப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்த பையனின் கை வழுக்கி, பெட்டி வெட்டும் கத்தி இடது கையில் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இறங்கியது. இழுத்துத் தள்ளும் அலகு கொண்ட சாதாரணக் கத்தி. அலகு முழுதாக வெளியே இருந்தது. கடைக்காரர் உடனே கடையைப் பூட்டிவிட்டுத் தன் காரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். நான்கு தையல். அங்கே கேட்டபோது வீட்டில் வெட்டிக்கொண்டதாகப் பையனே சொன்னான். யாரும் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. அங்கிளுக்குப் பிரச்சினை வரக்கூடாது என்று அவனுக்கே தோன்றியது.

பள்ளியில் ஆசிரியர் ஒருவர் ஏற்கனவே கவனித்திருந்தார்: திங்கள் காலை முதல் பாடத்தில் இந்தப் பையன் மேசையில் தலை வைத்துத் தூங்குகிறான். கட்டுப் போட்ட கையோடு வந்தபோது அவர் தனியே கூப்பிட்டு விசாரித்தார். அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டான். பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஆசிரியர் தாயை அழைத்துப் பேசினார், பின்னர் கவுன்சிலுக்கும் அறிவித்தார். சில நாட்களில் கவுன்சிலின் சிறார் வேலைப் பிரிவிலிருந்து கடைக்குக் கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தோடுதான் கடைக்காரர் எங்கள் மையத்துக்கு வந்தார். பின்னாலேயே தாயும் பையனும் வந்தார்கள்.

கணக்கெடுத்தபோது தெரிந்தவை

பையன் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறான் என்று மூவரிடமும் தனித்தனியே கேட்டேன். கடைக்காரர் "ஒரு பத்து, பன்னிரண்டு மணித்தியாலம் வரும்" என்றார். தாய் பதினைந்து என்றார். பையன் தோளைக் குலுக்கினான். மூவருமே உண்மையென்று நம்பித்தான் சொன்னார்கள், ஏனென்றால் எவருமே எழுதி வைக்கவில்லை.

ஒரு வெள்ளைத் தாளில் ஏழு கட்டம் போட்டு, நாள் நாளாக, கடைக்குள் நுழைந்த நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் நிரப்பினோம். திங்கள் முதல் வியாழன் வரை மாலை நாலரைக்கு வந்து ஏழரைக்குப் போவான்: 12 மணி. சனிக்கிழமை காலை தமிழ்ப் பள்ளி, பிறகு இரண்டிலிருந்து ஏழு: 5 மணி. ஞாயிறு விடிய ஆறுக்கு வந்து பத்திரிகைகளுக்குள் இணைப்புகளைச் செருகி அடுக்கிவிட்டு, மத்தியானம் பன்னிரண்டு வரை டில்லில் (காசு வாங்கும் இடத்தில்) நிற்பான்: 6 மணி. மொத்தம் 23. சட்டம் விடும் அளவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. கூட்டிப் போட்டதைப் பார்த்துக் கடைக்காரர் நெடுநேரம் பேசவில்லை.

விதியோடு ஒப்பிட்டால் ஒரு நாள்கூடத் தேறவில்லை. வார நாட்களில் இரண்டு மணி நேரத்தையும் மாலை ஏழையும் தாண்டியிருந்தது. ஞாயிறில் ஏழு மணிக்கு முன்பே தொடங்கி மூன்று மடங்கு நேரம். சனியின் ஐந்து மணி நேரம் அளவுக்குள் இருந்தாலும் நடுவில் ஒரு மணி ஓய்வு கொடுக்கப்படவில்லை. திங்கள் காலைத் தூக்கத்துக்குக் காரணம் அந்தத் தாளிலேயே தெரிந்தது.

வாரம் 60 பவுண் கையில் கொடுத்திருக்கிறார். ஒரு மணிக்கு இரண்டரைப் பவுணுக்குச் சற்று மேல். இதில் சட்ட மீறல் இல்லை, ஏனென்றால் குறைந்தபட்ச ஊதியம் கட்டாயப் பள்ளி வயது முடிந்த பிறகுதான் பொருந்தும். சட்டத்தில் இப்படி ஒரு ஓட்டை இருப்பது எனக்கு ஏற்புடையது இல்லை. 15 வயதுப் பிள்ளையின் உழைப்புக்குக் கீழெல்லையே இல்லை என்பது நியாயமாகப் படவில்லை.

வேலையின் தன்மையையும் கேட்டேன். பியர் பெட்டிகளைப் பின்னறையிலிருந்து தூக்கி வந்து குளிர்பெட்டியில் அடுக்குவது அவன் வேலை. அது இலகுவான வேலைக்குள் வராது. டில்லில் நிற்கும்போது மதுப் போத்தல்களும் லாட்டரிச் சீட்டும் விற்றிருக்கிறான். மூடி திறக்காத மதுவைப் பிள்ளைகள் விற்க உபவிதி விலக்கு அளித்தாலும், 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் செய்யும் ஒவ்வொரு மது விற்பனைக்கும் பொறுப்பான பெரியவர் ஒருவர் அப்போதே ஒப்புதல் தர வேண்டும். கடைக்காரர் மேலே சாப்பிடப் போன நேரத்தில் அது நடக்கவில்லை. லாட்டரி அந்த வயதுக்கு அறவே கூடாது.

தாயிடம் எவரும் எந்த ஆபத்தையும் சொல்லியிருக்கவில்லை. பள்ளி வயதுப் பிள்ளையை வேலைக்கு வைக்கும் முன் அந்த வேலையிலுள்ள ஆபத்துகளையும் எடுத்த முன்னெச்சரிக்கைகளையும் பெற்றோருக்குத் தெரியப்படுத்துவது முதலாளியின் கடமை. 1999ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ள பாதுகாப்பு விதிகளில் அது தெளிவாக உண்டு. கத்தி எங்கே இருக்கிறது, யார் எடுக்கலாம் என்று ஒரு பேச்சு முன்பே நடந்திருந்தால் தையலுக்கே வேலை இருந்திருக்காது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, பத்திரம் கிடைக்கும் வரை பையன் கடையில் வேலைக்கு நிற்கக் கூடாது. கடைக்காரர் "ஞாயிறு மட்டும் வரட்டுமே" என்று கேட்டார். இன்னொரு காயம் பட்டால் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்குமா என்று திருப்பிக் கேட்டேன். ஆள் வைத்து வேலை வாங்குபவர் குறைந்தது 50 லட்சம் பவுணுக்குத் தொழிலாளர் காப்பீடு வைத்திருக்க வேண்டும். இவரிடம் இருந்தது. ஆனால் அனுமதியில்லாமல் வேலை செய்யும் பிள்ளைக்கு விபத்து நேர்ந்தால் அந்தக் காப்பீடு கைகொடுக்காமல் போகலாம் என்று அரசின் வழிகாட்டலே எச்சரிக்கிறது. அது புரிந்ததும் ஒப்புக்கொண்டார்.

இரண்டாவதில்தான் அதிக நேரம் போனது. கவுன்சிலுக்கான பதிலில் 12 மணி நேரம் என்று எழுதிவிடலாம் என்பது கடைக்காரரின் யோசனை. அபராதத்துக்குப் பயந்தார். பயம் நியாயமானதுதான்: குற்றம் உறுதியானால் 1,000 பவுண் வரை அபராதம் விதிக்கலாம், முதலாளிக்கு மட்டுமில்லை, மீறலுக்குக் காரணமான வேறு எவருக்கும், பெற்றோர் உட்பட. ஆனாலும் 23 என்றே எழுத வேண்டும் என்று நான் உறுதியாகச் சொன்னேன். பையன் ஏற்கனவே பள்ளியில் உண்மையைச் சொல்லிவிட்டான். கடைக்காரர் வேறு கணக்கு எழுதினால், அடுத்த கேள்வி அவனிடம்தான் போகும். ஒன்று ஆசிரியரிடம் மாற்றிச் சொல்ல வேண்டும், அல்லது அங்கிளைப் பொய்யராக்க வேண்டும். மருத்துவமனையில் ஒருமுறை இவருக்காகப் பொய் சொல்லிவிட்டான், இரண்டாவது முறை அந்தச் சுமையை அவன்மேல் வைக்கக் கூடாது. இதைச் சொன்னதும், "சரி, உள்ளதை எழுதுங்கோ" என்றார்.

மூன்றாவது, அவருடைய சொந்தப் பிள்ளைகள். கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆனால் கவுன்சில் அலுவலர் கடைக்கு வருவார், 13 வயது மகள் சனி ஞாயிறுகளில் டில்லில் நிற்பதைக் காண்பார். இங்கேதான் அவருக்குக் கோபம் வந்தது. "என்ர பிள்ளை என்ர கடையில நிண்டா அதுக்கும் கவுன்சிலிட்டக் கேக்கோணுமோ? நாங்கள் எல்லாரும் அப்பாவுக்கு உதவி செய்துதானே வளந்தனாங்கள்!" அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். தோட்டத்தில் தகப்பனோடு இறைத்து வளர்ந்த மனிதர் அவர். இருந்தாலும் சட்டத்தின் வரியை அவருக்கு வாசித்துக் காட்டி, மகளுக்கும் விண்ணப்பம் போடுவது அல்லது வேலையை நிறுத்துவது என இரண்டே வழி என்று சொன்னேன். 11 வயது மகனுக்கு அந்தத் தெரிவும் இல்லை. 13க்குக் கீழே அனுமதிக்கே இடமில்லை. கடைக்குள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்யலாம், விலை ஒட்டும் துப்பாக்கியைக் கையில் எடுக்கக் கூடாது.

நான்காவது, பையன் திரும்பிப் போவதா என்பது. தாய் வேண்டவே வேண்டாம் என்றார். முடிவெடுக்கும் முன் அவனையும் கேட்போம் என்றேன். வேலை பிடித்திருக்கிறது, கணினி வாங்கக் காசு சேர்க்கிறேன், ஆனால் ஞாயிறு விடிய எழும்புவதுதான் கஷ்டம் என்றான். ஏன் அதை அங்கிளிடம் சொல்லவில்லை என்று தாய் கேட்டார். "அவர் நல்லவர் அம்மா, எப்பிடிச் சொல்லுறது?"

இந்தப் பதிலை வாசகர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும். அந்நியக் கடையில் வேலை செய்யும் பிள்ளை நேரம் கூடினால் முணுமுணுக்கும், விட்டுவிட்டுப் போகும். நன்றியும் உறவுமுறையும் சேர்ந்த இடத்தில் பிள்ளைக்கு மறுக்க வாயே வராது. அவனுக்காக மறுக்க ஏதாவது ஒரு தாள் இருக்க வேண்டும். அதனால் நேர எல்லை எழுதப்பட்ட பத்திரத்தோடு திரும்பிப் போகலாம் என்று முடிவாயிற்று.

பின்னர் நடந்தவை

அலுவலர் கடைக்கு வந்தார், பின்னறையைப் பார்த்தார், பையனோடு தனியே பேசினார், பள்ளியின் கருத்தையும் கேட்டார். பிள்ளையின் உடல்நலத்துக்கோ படிப்புக்கோ கேடு என்று கண்டால் வேலையைத் தடுக்கவோ குறைக்கவோ கவுன்சிலுக்கு 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அதிகாரம் தருகிறது. அதை அவர் பயன்படுத்தவில்லை. கணக்கை மறைக்காமல் கொடுத்ததைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் எச்சரிக்கை வந்தது. வழக்குப் போடவில்லை. எல்லா இடத்திலும் இப்படித்தான் முடியும் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது.

சில வாரங்களில் பத்திரம் கிடைத்தது. புதிய நேரம்: செவ்வாய், வியாழன், வெள்ளி மாலை நாலரையிலிருந்து ஆறரை, சனி இரண்டிலிருந்து ஆறு, ஞாயிறு ஒன்பதிலிருந்து பதினொன்று. சரியாக 12. பெட்டி தூக்குவதும் கத்தியும் அவன் வேலையில் இல்லை. கத்தியே மாறியது, கையை எடுத்ததும் அலகு தானாக உள்ளே போகும் வகை வாங்கினார். மதுவும் லாட்டரியும் கேட்டு வருபவர்களைக் கடைக்காரர் அல்லது மனைவி பார்க்கிறார்கள். சம்பளத்தை மணிக்கு ஐந்து பவுணாக்கினார், அதனால் வாரக் காசு அதே 60தான். எவரும் கேட்காமலே அவர் செய்தது இது.

மகளிடம் விண்ணப்பப் படிவத்தைக் காட்டியபோது, வேண்டாம் என்றாள். அதை அவர் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் மனம் சுருங்கியது, ஆனால் வற்புறுத்தவில்லை.

பிள்ளைகள் விட்ட மணி நேரத்தை யார் நிரப்பினார்கள் என்றால், பெரும்பாலும் மனைவி. வயது வந்த ஒருவரைப் பகுதிநேரமாக வைத்தார்கள், அது போதவில்லை. ஞாயிறு விடிய ஆறுக்கு இப்போது பத்திரிகை அடுக்குவது மனைவிதான். இந்தப் பக்கமும் பதிவாக வேண்டும். குடும்பக் கடையின் வரவுசெலவே பிள்ளைகளின் கூலியில்லாத நேரத்தின்மேல் நின்றால், விதியைப் பின்பற்றும் நாளில் அதன் பாரம் வீட்டிலேயே இன்னொருவர்மேல் இறங்குகிறது.

கோடை விடுமுறையில் பையன் அதிக நேரம் வேலை செய்தான், 35க்குள். ஆகஸ்டில் இரண்டு வாரம் முழு ஓய்வு. பதினோராம் ஆண்டு தொடங்கி நவம்பரில் அவனுக்கு 16 ஆனதும், இனிக் கட்டுப்பாடு இல்லை என்று எண்ணிக் கடைக்காரர் இரவு ஒன்பது வரை நிற்கக் கேட்டார். பிறந்தநாளோடு விதி முடிவதில்லை. 16 வயதாகும் பள்ளி ஆண்டின் ஜூன் மாதக் கடைசி வெள்ளி வரை அவன் சட்டத்தின் கண்ணில் பள்ளி வயதுப் பிள்ளைதான். இந்த முறை அவனே பத்திரத்தைக் கொண்டுபோய்க் காட்டினான். கடைக்காரர் சிரித்துக்கொண்டு ஏற்றுக்கொண்டதாகத் தாய் சொன்னார். திங்கள் காலையில் தூங்குவதாகப் பள்ளியிலிருந்து அதன்பின் முறைப்பாடு இல்லை. மாதிரிப் பரீட்சை நடந்த வாரங்களில் அவன் கடைக்குப் போகவே இல்லை.

இனி மாற வேண்டியவை

கவுன்சிலின் கடிதம் வந்த பிறகுதான் இந்தக் குடும்பங்கள் எங்களிடம் வந்தன. அதற்கு முன்பே செய்தி போக வேண்டும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளில் பெற்றோர் கூடும் இடத்தில் நேர எல்லைகளை ஒரு பக்கத் தாளாகத் தமிழில் கொடுக்கத் தொடங்கியிருக்கிறோம். அதே தாளின் பின்பக்கத்தில் ஏழு கட்டம் போட்ட வெற்று அட்டவணை. பிள்ளை கடைக்குள் நுழையும் நேரத்தையும் வெளியே வரும் நேரத்தையும் ஒரு வாரம் குறித்தாலே பெரும்பாலான சிக்கல் தெரிந்துவிடும்.

கடை வைத்திருப்பவர்களிடம் சொல்வது இதுதான். பிள்ளை வேலைக்கு வரும் முன்பே படிவத்தைப் போடுங்கள், ஒரு வார அவகாசம் இருக்கிறதே என்று காத்திருக்க வேண்டாம். பெரும்பாலான கவுன்சில்கள் இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. காப்பீட்டு நிறுவனத்துக்கும் அறிவித்துவிடுங்கள். பிள்ளையின் தாய் தகப்பனைப் பின்னறை வரை கூட்டிப்போய் எது எங்கே இருக்கிறது, பிள்ளை எதைத் தொடக் கூடாது என்று காட்டுங்கள். சொந்தப் பிள்ளைக்கும் இதே ஒழுங்குதான், அங்கே படிவத்தில் முதலாளியின் இடத்திலும் பெற்றோரின் இடத்திலும் உங்கள் பெயரே வரும்.

பள்ளிகளிடமும் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறோம்: காலையில் தூங்கும் பிள்ளையிடம் இரவு எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று கேட்கும்போது, பள்ளி விட்ட பிறகு எங்கே இருந்தாய் என்றும் சேர்த்துக் கேளுங்கள். இந்தப் பையனை அந்த ஆசிரியர் முதன்முதலில் கவனித்தது நவம்பரில். கை வெட்டுப்பட்டது பிப்ரவரியில்.